யாரும் பார்த்துக்காத மென்பொருளை எப்ப நிறுத்துறது?

கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி மருத்துவம், பாதி கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம், எனக்கே அதுல கொஞ்சம்தான் தெரியும்.

என்கூட ஸ்கூல்ல படிச்சவன் ஒருத்தன் சென்னையில மென்பொருள் வேலை பார்க்கிறான். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, "டாக்டரு, பத்து வருஷமா ஒருத்தர் சாப்பிடுற மாத்திரையை நீங்க எப்படிடா நிறுத்துவீங்க?"ன்னு கேட்டான். வீட்டுல யாருக்கு என்னாச்சோன்னு பதறிட்டேன். யாருக்கும் ஒண்ணும் இல்ல. அவன் ஆபீஸ்ல பைத்தான் மொழியைப் புதுப் பதிப்புக்கு மாத்தியிருக்காங்க. என்னைக்கோ யாரோ எழுதி வெச்ச ஒரு புரோகிராம் உடனே நின்னு போச்சு. அது சாய்ஞ்சிருந்த 'சிஜிஐ'ங்கிற பாகத்தைப் புது பைத்தான்ல இருந்தே எடுத்துட்டாங்க. புரோகிராமை எழுதினவர் வேலையை விட்டுப் போய் பல வருஷம். முட்டுக் கொடுத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுறதா, மொத்தமா தூக்கிடுறதா? இதான் அவன் தலைவலி.

அன்னைக்கு அவன்கிட்ட பேசினது, அப்புறம் நானா தேடிப் படிச்சது, எங்க அப்பாவோட பழைய ஃபோல்டர் ஒண்ணு. இந்த மூணும் சேர்ந்ததுதான் இந்த த்ரெட்.

ஓப்பன் சோர்ஸ், தமிழ்ல திறமூலம், அதைப் பத்தி முதல்ல ரெண்டு வரி. ஒருத்தர் ஒரு மென்பொருளை எழுதி, அதன் மூல நிரலையும் சேர்த்தே எல்லாருக்கும் கொடுத்துடுறார். யாரும் எடுத்துக்கலாம், திருத்தலாம், தன்னோடதுல வெச்சுக் கட்டலாம். நீங்க போன்ல தட்டுற ஒவ்வொரு ஆப்புக்கு உள்ளேயும் இந்த மாதிரி நூத்துக்கணக்கான சின்னச் சின்ன பாகம் இருக்கும். அதுல பலதை எங்கேயோ ஒருத்தர் ராத்திரி வேலை முடிச்சு வந்து, சம்பளம் இல்லாம பார்த்துக்கிட்டு இருக்கார்.

கம்பெனி மென்பொருள்னா சாவு மணி அடிக்க ஆள் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோட ஆதரவு முடிஞ்சதுன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிடுச்சு. அந்தச் சமயத்துல தமிழ்நாடு அரசு தன்னோட துறைகளை எக்ஸ்பியை விட்டு சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. பிடிக்குதோ இல்லையோ, காலண்டர்ல ஒரு தேதி இருந்துச்சு. அந்தத் தேதியை மதிக்காம பழசையே ஓட்டினா என்ன ஆகும்னு 2017 மே மாசம் பிரிட்டன் பார்த்துச்சு. வானாகிரைங்கிற வைரஸ் அவங்க அரசு மருத்துவமனைகளுக்குள்ள புகுந்து, ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சு. ஆதரவு முடிஞ்ச எக்ஸ்பி, திருத்தம் வந்தும் போடாம விட்ட விண்டோஸ் 7, ரெண்டும் அதுல அடிபட்டுச்சு.

திறமூலத்துல அந்த மணி அடிக்கிறது ரொம்ப அபூர்வம். எழுதினவருக்குக் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், வேலை மாறும், சில பேர் செத்தும் போவாங்க. கடைக்கு 'மூடப்பட்டது'ன்னு போர்டு தொங்காது. பாகம் பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால 'எப்ப நிறுத்துறது'ங்கிற கேள்வி, எழுதினவர்கிட்ட இருந்து பயன்படுத்துறவங்க தலைக்கு வந்துடும். அவங்களுக்கு அது தங்கள் தலையில இருக்குன்னே பாதி நேரம் தெரியாது.

இப்ப ஓபிக்கு வாங்க.

வயசானவங்க மஞ்சப்பையை என் மேசை மேல கவிழ்த்தா பத்துப் பன்னெண்டு வகை மாத்திரை விழும். ஒண்ணொண்ணா பிரிச்சு அடுக்கினா ஒரு கதை தெரியும். பிரஷருக்கு அம்லோடிபின். அது சிலருக்குக் கணுக்கால்ல வீக்கம் கொடுக்கும். வீக்கத்தைப் பார்த்து யாரோ நீர் பிரியுற மாத்திரை கொடுத்திருப்பாங்க. அதுல பொட்டாசியம் குறைஞ்சிருக்கும். அதுக்கு ஒரு சிரப். சிரப் வயித்தைப் புரட்டும், அதுக்கு ஒரு கேஸ் மாத்திரை. ஒவ்வொண்ணையும் எழுதினவங்க அவங்கவங்க அளவுல சரியாத்தான் எழுதியிருப்பாங்க. ஆனா பாட்டிக்கு ஆரம்பத்துல இருந்தது பிரஷர் மட்டும்தான்.

"இதெல்லாம் எதுக்கு பாட்டி?"ன்னு கேட்டா, "யாருக்குத் தெரியும் சாமி, குடுத்தாங்க, போடுறேன்"னுவாங்க. என் தோழன் அவன் ஆபீஸ் சர்வரைப் பத்தி சொன்னதும் கிட்டத்தட்ட இதே பதில்தான்.

மாத்திரையை நிறுத்துறதும் மருத்துவம்தான். ஆரம்பிக்கிறதை விடவும் கஷ்டமான மருத்துவம். எதுக்காக ஆரம்பிச்சது, அந்தக் காரணம் இன்னும் இருக்கா, நிறுத்தினா வேற எது ஆடும்? இந்த மூணுக்கும் பதில் தெரியாம கை வைக்கக் கூடாது. பழசாச்சுங்கிறது ஒரு காரணமே இல்ல. பென்சத்தீன் பெனிசிலின் ஊசி எவ்வளவு பழசு! எந்தக் கம்பெனி ரெப்பும் அதைப் பத்திப் பேச என் ரூமுக்கு வர்றதில்ல. ஆனா ருமாட்டிக் காய்ச்சல்ல இதய வால்வு கெட்டுப்போன பிள்ளைக்கு மூணு வாரத்துக்கு ஒருக்கா அந்த ஊசி விழுந்தே ஆகணும். பழசு வேற, செத்தது வேற.

சட்டுனு நிறுத்தினா என்ன ஆகும்னு மருந்துல பார்க்கணும்னா குளோனிடினைச் சொல்லணும். பிரஷர் மாத்திரை. கொஞ்ச நாளா சாப்பிடுறவர் ஒரே நாள்ல விட்டா, ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள பிரஷர் முன்னாடி இருந்ததை விட மேலே எகிறும். ஸ்டீராய்டும் அப்படித்தான், பல வாரம் சாப்பிட்டவருக்குப் படிப்படியா குறைச்சுத்தான் நிறுத்தணும்.

மென்பொருள்ல இதுக்கு ஒரு பிரபலமான கேஸ் உண்டு. 2016 மார்ச் 22. அஸெர் கோச்சுலுங்கிற புரோகிராமருக்கும் 'என்பிஎம்'ங்கிற பொதுக் கிடங்குக்கும் ஒரு பாகத்தோட பெயரை வெச்சுத் தகராறு. கோபத்துல அவர் அங்க வெச்சிருந்த தன்னோட இருநூத்துச் சொச்சம் பாகத்தையும் ஒரேயடியா எடுத்துட்டார். அதுல ஒண்ணு 'லெஃப்ட்-பேட்'. பதினோரு வரி நிரல். ஒரு சொல்லுக்கு இடது பக்கம் வெற்றிடமோ பூஜ்ஜியமோ சேர்க்கும், அவ்வளவுதான் வேலை. அது இல்லாம உலகம் பூரா ஆயிரக்கணக்கான மென்பொருளை உருவாக்க முடியாம நின்னு போச்சு. ஏன்னா பேபெல் மாதிரி பெரிய கருவிகள் சாய்ஞ்சிருந்த ஏதோ ஒண்ணு, இந்தப் பதினோரு வரி மேல சாய்ஞ்சிருந்துச்சு. சில மணி நேரத்துல கிடங்குக்காரங்களே அதைத் திரும்ப வெச்சுட்டாங்க.

சரி, அப்ப எதையும் தொடாம விட்டுடலாமா? 'ஓடுதுல்ல, கை வைக்காத'ன்னு சொல்றவங்க எல்லா ஆபீஸ்லயும் இருப்பாங்க. எனக்கு இவங்க மேலதான் எரிச்சல் ஜாஸ்தி. ஏன்னா இதுவும் ஒரு முடிவு, ஆனா முடிவுன்னு யாரும் கையெழுத்து போடாத முடிவு.

2024 ஏப்ரல்ல வெளியான ஒரு ஓட்டையைப் பாருங்க. லினக்ஸ் ஓடுற கம்ப்யூட்டர்கள்ல பெரும்பாலானதுல 'ஜிலிப்சி'ங்கிற அடிப்படை நூலகம் ஒண்ணு இருக்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அதுக்குள்ள, ஒரு எழுத்துருக் குறியீட்டுல இருக்கிறதை இன்னொண்ணுக்கு மாத்துற சின்னச் சின்ன மாற்றிகள் நிறைய உண்டு. சீன எழுத்துக்கான ஒரு பழைய குறியீடு, இன்னைக்கு அதைத் தொடுறவங்க மிகக் குறைவு. அதோட மாற்றியில, ஒதுக்கின இடத்தைத் தாண்டி ஒண்ணுல இருந்து நாலு பைட் வரைக்கும் எழுதிடுற தப்பு இருந்துச்சு. 24 வருஷமா இருந்துச்சு! அந்த நாலு பைட்டைப் பிடிச்சுக்கிட்டு, பிஎச்பியில எழுதின வலைத்தளங்களுக்குள்ள புகுந்து சர்வரையே கைக்குள்ள கொண்டு வர முடியும்னு சார்ல் ஃபோல்ங்கிற ஆய்வாளர் செஞ்சு காட்டினார். யாருக்கும் வேணாத பாகம், எல்லார் வீட்டு அஸ்திவாரத்துலயும்.

இதைப் படிச்சப்ப எனக்கு முதல்ல வந்த கோபம், 'இந்தக் குப்பையையெல்லாம் அப்பவே தூக்கிப் போட வேண்டியதுதானே'ங்கிறதுதான். அப்புறம் அந்த மாற்றிகளோட பட்டியலைத் திறந்து பார்த்தேன். உள்ள நம்ம ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். டிஸ்கி.

இளைய தலைமுறைக்கு டிஸ்கின்னா தெரியாது. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி இணையத்துல தமிழ் எழுதினது பெரும்பாலும் குறியீடுகளோட சண்டை. ஆளுக்கொரு எழுத்துரு. ஒருத்தர் அனுப்பின மடல் இன்னொருத்தருக்குப் புரியாத கிறுக்கலா தெரியும். 1990-களோட கடைசியில பல நாட்டுத் தமிழர்கள் மின்மடல்லயே விவாதம் பண்ணிப் பண்ணி உருவாக்கின பொதுக் குறியீடுதான் டிஸ்கி. மதுரைத் திட்டம் 1998-ல இலக்கியங்களை மின்னூலாக்க ஆரம்பிச்சப்போ பல வருஷம் டிஸ்கியிலதான் வெளியிட்டுச்சு. அரசு பக்கம் டாம், டாப்னு தனிக் குறியீடுகள் இருந்துச்சு. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சது. அதுக்கு முன்னாடியே மக்கள் மாறத் தொடங்கியாச்சு. இன்னைக்கு டிஸ்கியில புதுசா எழுதுறவங்க யாரையும் எனக்குத் தெரியாது.

ஜிலிப்சிக்குள்ள டிஸ்கி மாற்றியை 2002-ல எழுதிச் சேர்த்தவர் புரூனோ ஹைபிள்ங்கிற ஜெர்மன்காரர். இது லேசுப்பட்ட வேலை இல்ல. டிஸ்கியில எழுத்துகள் கண்ணுக்குத் தெரியுற வரிசையில இருக்கும். 'கொ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். யூனிகோட்ல முதல்ல 'க', அப்புறம்தான் உயிர்க்குறி. அதனால மாற்றி ஒவ்வொரு தடவையும் கொம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, அடுத்து என்ன வருதுன்னு காத்திருந்து, வரிசையை மாத்தி வைக்கணும். அந்த நிரலைத் திறந்து பார்த்தேன். முழுசாப் புரியல. ஆனா தமிழைப் பொறுமையா படிச்சு எழுதியிருக்கார்னு புரிஞ்சது.

இனி அப்பா ஃபோல்டர் கதை.

அப்பா இங்க விருத்தாசலத்துல அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்துல டிப்ளமோ படிச்சவர். தொழிற்பேட்டையில பல யூனிட்கள்ல வேலை பார்த்தவர். எங்க ஊரைச் செராமிக் நகர்னு சொல்லுவாங்க. ஃப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர், பொம்மைன்னு இங்க சுட்டெடுக்காத சாமான் கிடையாது. அவருக்கு ரெண்டு பைத்தியம், கிளேஸும் கம்ப்யூட்டரும். 2003 வாக்குல ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, முரசு அஞ்சல் போட்டு, டிஸ்கியில தமிழ் தட்டச்சு செய்யப் பழகினார். எந்தக் கலவையில என்ன கிளேஸ் வந்துச்சு, சூளையில எத்தனை டிகிரியில வெச்சாங்க, எது வெடிச்சுது, எல்லாத்தையும் எழுதி வெச்சார். அவர் போய் ஏழு வருஷம் ஆகுது. ஃபோல்டர் ஒவ்வொரு கம்ப்யூட்டரா மாறி மாறி என்கிட்ட வந்து சேர்ந்துச்சு. திறந்தா மேலே புள்ளியும் கோடும் வெச்ச ஐரோப்பிய எழுத்தா வரும். மூடி வெச்சுடுவேன்.

சித்தப்பா இன்னும் பொம்மை யூனிட் நடத்துறார். ஃபெல்ஸ்பார் வாங்குற இடத்தை மாத்தினதுல இருந்து அவரோட வெள்ளை கிளேஸ்ல மயிரிழை மாதிரி வெடிப்பு. கிரேசிங்னு சொல்லுவாங்க. சூளையில இருந்து வரும்போது பளபளன்னு இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு டிங், டிங்னு சத்தம் கேட்கும், பார்த்தா கோடு. ஒரு லோடு திரும்பி வந்துடுச்சு. "அண்ணன் இதுக்கு ஒரு கணக்கு எழுதி வெச்சிருந்தாருப்பா. உன் கம்ப்யூட்டர்ல இருக்கும், பாரு"ன்னார்.

டிஸ்கியில இருந்து யூனிகோடுக்கு மாத்தச் சொல்லி லினக்ஸ்ல ஒரு வரிக் கட்டளை. நூத்திப் பதினாலு கோப்பு, ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது. அப்பாவோட தமிழ், அவர் பேசுற மாதிரியே. 'கிரேசிங் வந்தால் குவார்ட்ஸைக் கொஞ்சம் கூட்டு. ஒரே தடவையில் கூட்டாதே. மூன்று சூளை பார்.' பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள, 'தம்பிக்குக் காட்டணும்'. எவ்வளவு கூட்டணும்ங்கிற அளவும் இருக்கு, அதை இங்க எழுதினா சித்தப்பா என்னை ஊருக்குள்ள விடமாட்டார்.

அந்த மாற்றி இல்லாட்டி வேற வழியே இல்லையான்னு கேட்காதீங்க, இருக்கு. ஆனா நான் அவ்வளவு தூரம் தேடியிருப்பேனான்னு எனக்கே சந்தேகம்.

இப்ப கேள்வி சிக்கலாகுது. சீன மாற்றியைப் பத்தி எனக்கு வந்த கோபம் நியாயம்னா, அதே அளவுகோல்ல டிஸ்கி மாற்றியும் போக வேண்டியதுதான். எத்தனை பேர் பயன்படுத்துறாங்கன்னு எண்ணினா அது தேறாது. டெபியன் லினக்ஸ்ல எந்தத் தொகுப்பை எத்தனை பேர் பயன்படுத்துறாங்கன்னு, விருப்பப்பட்டவங்க கம்ப்யூட்டர்ல இருந்து கணக்கெடுக்கிற ஏற்பாடு உண்டு, 'பாப்கான்'னு பேரு. நல்ல ஏற்பாடு. ஆனா வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ஒரு ராத்திரி தேவைப்படுற என்னை மாதிரி ஆள் எந்தக் கணக்குலயும் வரமாட்டான்.

மருந்துல இதுக்கு வழி வெச்சிருக்கோம். தொண்டை அடைப்பானுக்கான ஆன்டிடாக்சின் பல ஆஸ்பத்திரியில பல வருஷம் தேவையே படாது. அதுக்காக உற்பத்தியை நிறுத்தவும் முடியாது, ஒவ்வொரு வார்டு அலமாரியிலயும் வைக்கவும் வேண்டாம். கேட்டா கிடைக்கிற ஓர் இடத்துல இருக்கணும். ஃபெடோராவும் ரெட் ஹேட்டும் ஜிலிப்சியில செஞ்சது இதைத்தான். அன்றாடம் தேவைப்படுற சில மாற்றிகளை மட்டும் மூலத்துல வெச்சுட்டு, டிஸ்கி உட்பட மத்ததையெல்லாம் தனித் தொகுப்பாப் பிரிச்சுட்டாங்க. வேணும்னா நிறுவிக்கலாம், வேண்டாத சர்வர்ல அது இருக்கவே இருக்காது. டிஸ்கியில எழுதுறதை நிறுத்தலாம். படிக்கிறதை நிறுத்தக் கூடாது.

தோழனோட 'சிஜிஐ'க்கு வர்றேன். பைத்தான்காரங்க அதை எடுத்த விதத்தைப் படிச்சப்போ, ஒரு நல்ல ஃபிசிஷியனோட டிஸ்சார்ஜ் நோட் படிச்ச மாதிரி இருந்துச்சு. பைத்தானோட கூடவே வர்ற பாகங்களை அவங்க 'பேட்டரி'ன்னு செல்லமா சொல்லுவாங்க. அதுல செத்துப்போன பேட்டரிகளை எடுக்கணும்னு 2019-ல கிறிஸ்டியன் ஹைம்ஸ் ஒரு முன்மொழிவு வெச்சார். பெப் 594. பிரெட் கேனனும் சேர்ந்துக்கிட்டார். ஒவ்வொரு பாகத்துக்கும் ஏன் எடுக்கிறோம், பதிலுக்கு என்ன இருக்குன்னு எழுதினாங்க. சண்டை நடந்துச்சு, பட்டியல் மாறுச்சு. 2022 மார்ச்ல ஏத்துக்கிட்டாங்க. 2022 அக்டோபர்ல வந்த 3.11 பதிப்புல இருந்து, இந்தப் பாகத்தைப் பயன்படுத்தினா 'இது போகப் போகுது'ன்னு எச்சரிக்கை. 2024 அக்டோபர்ல வந்த 3.13-லதான் 19 பாகங்களை எடுத்தாங்க. 'சிஜிஐ'யை மட்டும் விடமுடியாதவங்களுக்காக ஒருத்தர் தனிப் பொட்டலமா வெளியில வெச்சுட்டார். தோழன் ஆபீஸ் பதிவேட்டுல அந்த எச்சரிக்கை வரிசையா விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. யாரும் படிக்கல. சீட்டுல சிவப்பு மையில எழுதிக் கொடுத்தாலும் படிக்காத நோயாளிகள் எனக்கும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க எடுக்காம விட்ட ஒண்ணு. 'வேவ்'னு ஒரு பாகம், பழைய வகை ஒலிக் கோப்பைப் படிக்கும், எழுதும். அதோட சகோதரப் பாகங்கள் பலதும் பட்டியல்ல போச்சு. இதை விட்டு வெச்சதுக்கு அந்த ஆவணத்துலயே காரணம் இருக்கு. குழந்தைகளுக்குப் புரோகிராம் சொல்லிக் கொடுக்க வசதியா இருக்கு, கம்ப்யூட்டரை விதவிதமா சத்தம் போட வைக்கலாம்னு டேவிட் பீஸ்லிங்கிற ஆசிரியர் சொன்னாராம். ஒன்பது வயசுப் பிள்ளையோட சந்தோஷத்தை ஒரு தொழில்நுட்பக் குழு கணக்குல எடுத்துக்கிட்டது எனக்கு என்னவோ பெரிய விஷயமா படுது.

நிறுத்துறதுக்கும் வெச்சுக்கிறதுக்கும் நடுவுல மூணாவது வழி ஒண்ணு, தத்துக் கொடுக்கிறது. டெபியன்ல பார்த்துக்க ஆள் இல்லாத தொகுப்பை 'அநாதை'ன்னே பதிவு பண்ணி, யாராவது எடுத்துக்குறீங்களான்னு பட்டியல் போடுவாங்க. லினக்ஸ் கருவிலயும் அப்படித்தான். ஃப்ளாப்பி டிரைவரை 2019-ல லினஸ் டோர்வால்ட்ஸ் அநாதைன்னு குறிச்சார், அப்புறம் ஒருத்தர் பொறுப்பெடுத்துக்கிட்டார். கேட்க நல்லா இருக்கு. ஆனா தத்து எடுக்க வர்றவர் யாருன்னு பார்க்கணும். எக்ஸ்இசெட்ங்கிற சுருக்கும் மென்பொருளை லாசே காலின்ங்கிறவர் பல வருஷமா கிட்டத்தட்ட தனியாளா பார்த்துக்கிட்டார். களைச்சுப் போனார். மனநிலை சரியில்லைன்னு வெளிப்படையாவே சொன்னார். உதவுறேன்னு 'ஜியா டான்'ங்கிற பெயர்ல ஒருத்தர் வந்தார். ரெண்டு மூணு வருஷம் நல்லா வேலை செஞ்சு நம்பிக்கை சம்பாதிச்சு, பொறுப்பு கைக்கு வந்த பிறகு பின்வாசல் ஒண்ணு வெச்சார். 2024 மார்ச் 29-ல ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். அவருக்குத் தட்டின சந்தேகம் என்ன தெரியுமா? சர்வர்ல நுழைய வழக்கத்தை விட அரை வினாடி கூட ஆகுதேங்கிறது. அந்த அரை வினாடி, லேசா சோர்வா இருக்குன்னு சொல்ற நோயாளியோட ஈசிஜி மாதிரி. எல்லாரும் அதைப் பார்க்கமாட்டாங்க.

ஆஸ்பத்திரிப் பக்கம் இந்த முடிவு இன்னும் கனமானது. சத்தீஸ்கர்ல பிலாஸ்பூர் பக்கம் கனியாரியில ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்னு ஒரு கிராமப்புற மருத்துவமனை இருக்கு. அங்க முதல்ல வேரூன்றின திறமூல மருத்துவமனை மென்பொருள் 'பாம்னி'. தாட்வொர்க்ஸ் கம்பெனி ஆட்கள் கட்டினது, இன்னைக்குப் பல நாடுகள்ல ஓடுது. அதோட திரைகளை எழுதினது ஆங்குலர்ஜேஎஸ்ங்கிற கருவியில. அந்தக் கருவிக்கு ஆதரவு 2021 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. நாளைக்கே தூக்கிட முடியுமா? அந்தத் திரையைப் பார்த்துத்தான் நர்ஸ் மருந்து கொடுக்கிறாங்க. அதனால ஒவ்வொரு திரையா புதுசுக்கு மாத்துறாங்க. பாதி பழசு, பாதி புதுசு, நடுவுல நோயாளி. ஸ்டீராய்டு குறைக்கிற மாதிரிதான்.

தோழனுக்கு நான் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன். அந்தப் புரோகிராம்கிட்ட வெளியாள் வர முடியுமான்னு கேட்டேன். இன்டர்நெட்ல இருக்கிற யாரோ ஒருத்தர் அதுக்கு ஏதாவது அனுப்ப முடியும்னா, பார்த்துக்க ஆள் இல்லாத பாகம் வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம். வலிச்சாலும் சீக்கிரம் எடு. உள் ரூம்ல, ஆபீஸ்காரங்க மட்டும் தொடுற இடத்துல இருக்குன்னா, அவசரம் இல்ல, ஆனா தேதி போடு. முதல்ல ஒரு நாள் அணைச்சுப் பாரு, யார் கத்துறாங்கன்னு தெரியும். கத்தினவங்ககிட்ட போய்ப் பேசு. 'யாரும் கத்தலையே'ன்னு உடனே அழிச்சுடாத, மாசக் கடைசியில மட்டும் வர்ற ஆள் இருப்பார். அவன் அணைச்சப்போ கத்தினது ஒரே ஒரு கணக்குப் பிரிவு அம்மா. வருஷத்துக்கு ரெண்டு தடவை அதுல இருந்து ஒரு ரிப்போர்ட் எடுப்பாங்களாம். அந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும் வேற வழி பண்ணிட்டு, மீதியை மூடிட்டான்.

நான் சொன்னது புரோகிராமருங்களுக்குப் பழைய சங்கதியா இருக்கலாம். திட்டுறவங்க கமெண்ட்ல திட்டுங்க, திருத்திக்கலாம்.

சித்தப்பா யூனிட்ல ஒரு பக்கம் பூரா பழைய ஃப்யூஸ் கட்டையோட அச்சு அடுக்கி வெச்சிருக்கார். வீடுகள்ல எம்சிபி வந்த பிறகு அந்தச் சாமானுக்கு ஓட்டம் இல்ல, அவரும் பொம்மைக்கு மாறிட்டார். "ஏன் சித்தப்பா, இடத்தை அடைக்குதுல்ல?"ன்னேன். "சாமானை நிறுத்தியாச்சுப்பா. அச்சை எதுக்கு உடைக்கணும்? போன வருஷம்கூட ஒரு கோயில்காரங்க பழைய போர்டுக்குப் பன்னெண்டு கட்டை கேட்டு வந்தாங்க"ன்னார். அந்தப் பன்னெண்டுல அவருக்கு லாபம் வந்திருக்காதுன்னு நினைக்கிறேன். கேட்கல.

ஒரு வேலை சொல்றேன், இந்த ஞாயித்துக்கிழமை செய்யுங்க. வீட்டுல அப்பாவோ தாத்தாவோ 2000 வாக்குல தமிழ்ல தட்டச்சு செஞ்ச கோப்பு, பழைய சிடி, மடல் ஏதாவது இருந்தா தேடி எடுங்க. இணைமதி மாதிரி பழைய டிஸ்கி எழுத்துருல இருந்தா லினக்ஸ்ல 'ஐகான்வ்' கட்டளையே போதும். ஃபெடோரா வெச்சிருக்கிறவங்க கூடுதல் மாற்றித் தொகுப்பை நிறுவிக்கணும். டாம், டாப், வேற எழுத்துருக்களா இருந்தா இணையத்துல எழுத்துரு மாற்றிகள் இருக்கு, ஒண்ணு சரியா வரலைன்னா அடுத்ததைப் போட்டுப் பாருங்க. முதல்ல ஒரு நகல் எடுத்துட்டு நகல் மேல மட்டும் வேலை பண்ணுங்க. மாத்தினதைக் கண்ணால ஒரு தடவை படிச்சுப் பாருங்க, 'கொ', 'கோ', 'கௌ' எல்லாம் சரியா வந்திருக்கான்னு. மூலக் கோப்பை அழிக்காதீங்க. கோப்பு என்ன வகைன்னே தெரியலைன்னா முதல் வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கமெண்ட்ல போடுங்க. நைட் டியூட்டி இல்லாத நாள்ல பார்க்கிறேன்.